ஜட்ஜ்மென்ட் ஆட்டத்தில் ஒரு பிடி தவறினாலும் பூஜ்யம்தானா?

கடைசிக்கை:
எத்தனை பிடி எடுப்போம் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே சொல்லி ஆடும் சீட்டாட்டமான ஜட்ஜ்மென்ட்டை எங்கள் வீட்டில் நால்வர் ஆடுகிறோம். ஆளுக்கொன்றாக இறக்கும் நான்கு சீட்டை வெல்வதுதான் ஒரு பிடி. எட்டுச் சீட்டில் தொடங்கி ஒன்று வரை இறங்குவோம். மற்ற இனச் சீட்டுகளை வெட்டும் துருப்பு இனம் இஸ்பேடு, டைமண்ட், கிளாவர், ஆர்ட்டின் என்ற வரிசையில் மாறும். சொன்ன பிடிகளைச் சரியாக எடுத்தவருக்குப் பத்துடன் சொன்ன எண்ணும் சேரும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பூஜ்யம். சென்ற ஞாயிறு முதல் சுற்றில் மற்ற மூவரும் முறையே 5, 0, 1 என்றார்கள். சீட்டுப் போட்டவன் நான் என்பதால் கடைசியாகச் சொல்ல வேண்டியவனும் நானே. மொத்தம் எட்டு வரக்கூடாது என்பது விதி. ஆகவே கையில் உறுதியாகத் தெரிந்த 2-ஐச் சொல்ல முடியாமல், ஆர்ட்டின் ராஜாவை நம்பி 3 என்றேன். ஒன்று சொன்னவர் இரண்டாவது பிடியை எடுத்துவிட்டபின், இனி இழக்க ஏதுமில்லை என்பதால், அந்த ராஜாவைச் சிறு துருப்பால் வெட்டிவிட்டார். முடிவில் அவருக்கு 4 பிடி, ஐந்து சொன்னவருக்கு 2, எனக்கு 2. மூன்று பிடி தவறிய இருவருக்கும் ஒரே பிடி தவறிய எனக்கும் ஒரே பூஜ்யம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. விஸார்ட் ஆட்டத்தைப் போல, சரியானால் 20-உடன் பிடிக்குப் பத்து, தவறினால் வித்தியாசத்துக்குப் பத்து வீதம் கழிவு என்று மாற்றினால் என்ன?

இஸ்பேடு ராணி:
மாற்றக்கூடாது என்பேன். இந்த ஆட்டத்தில் நல்ல சீட்டு வருவது அதிர்ஷ்டம். வந்த சீட்டை அளந்து சொல்வதே திறமை. நம் கணக்கில் பூஜ்யம் சொல்லிச் சாதித்தவருக்கு 10, ஐந்து சொல்லிச் சாதித்தவருக்கு 15. விஸார்ட் கணக்கில் அதுவே 20, 70 என்றாகும். எட்டுச் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிடியும் விழாமல் நழுவுவது, குறிப்பாக ஒன்பதும் பத்தும் நிறைந்த கையில், எவ்வளவு கடினம் என்பதை ஆடியவர் அறிவார்கள். மேலும், கனடாவின் கென் ஃபிஷர் 1984-இல் வடிவமைத்த விஸார்டில், வழக்கமான 52 சீட்டுடன் பிடியை வெல்லும் நான்கு விஸார்டும் நழுவ உதவும் நான்கு ஜெஸ்டரும் சேர்ந்து 60 சீட்டு உண்டு. கணிப்புக்கு அங்கே பிடிமானம் இருக்கிறது. அதற்கேற்ற தண்டனையை இங்கே கொண்டுவருவது பொருந்தாது.

கணக்குப்பிள்ளை:
பரிசைப் பற்றி ராணி அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். தண்டனையைப் பற்றிச் சொல்வதை ஏற்க முடியவில்லை. நால்வருக்கு எட்டெட்டாகக் கொடுத்தால் 32 சீட்டுதான் வெளிவரும். மீதி 20 சீட்டு யாருக்கும் தெரியாமல் கிடக்கும். ராஜாவுக்கு மேலான ஏஸ் எவர் கையிலாவது இருக்கிறதா என்பதே தெரியாத ஆட்டத்தில் ஒரு பிடி தவறுவது இயல்பு. போதாக்குறைக்கு, மொத்தம் எட்டு வரக்கூடாது என்ற விதியே ஒருவராவது தவறியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. இவற்றைவிட என்னை உறுத்துவது அந்த வெட்டுதான்: தோற்றவருக்கு மேலும் தோற்பதில் செலவில்லை என்றால், அவர் அடுத்தவர் ஆட்டத்தைக் கெடுப்பதைத் தவிர வேறு என்ன செய்வார்? பரிசு பழையபடியே இருக்கட்டும். தவறும் ஒவ்வொரு பிடிக்கும் இரண்டு கழித்தால் போதும்.

இஸ்பேடு ராணி:
கடைசியாகச் சொல்பவர் மற்ற மூவரின் எண்ணையும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார். அந்த வசதிக்கு அவர் தரும் விலையே இந்த விதி. சீட்டுப் போடும் முறையும் சுற்றி வருகிறது. எட்டுப் பிடிக்கு ஒன்பது கேட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்த மேசையில் பிடிக்குச் சண்டை நடக்கும், ராஜா வெட்டுப்படலாம் என்பதையும் கணித்திருக்க வேண்டும். தவறியவர் இனி அடக்கியே ஆடுவார் என்று ஆகிவிட்டால், அவர் கையை மற்றவர்கள் எளிதாகப் படித்துவிடுவார்கள்.

கடைசிக்கை:
பழைய மதிப்பெண் தாளை எடுத்து, பிடிக்கு இரண்டு கழித்து மறுபடி கூட்டினேன். முதலிடம் மாறவில்லை, மூன்றாம் இடத்திலிருந்த நான் இரண்டாம் இடத்துக்கு வருகிறேன்.

இஸ்பேடு ராணி:
அந்தக் கூட்டல் செல்லாது. கழிவு உண்டு என்று முன்பே தெரிந்திருந்தால் அவர் உங்கள் ராஜாவை வெட்டியிருக்கவே மாட்டார். ஐந்து சொன்னவரும் நான்கோடு நின்றிருக்கலாம். எந்தக் கணக்கு என்பதைச் சீட்டுப் போடும் முன்பே அறிவித்து, எட்டிலிருந்து ஒன்று வரை ஒருமுறை கழிவோடும் ஒருமுறை கழிவில்லாமலும் ஆடுங்கள். யார் வென்றார்கள் என்பதைவிட, தவறியவர்கள் அதன்பின் எந்தச் சீட்டை இறக்கினார்கள் என்பதை எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள். அதை வைத்துப் பேசலாம்.