அகற்றிய காலில் வலி: கண்ணாடி சிகிச்சையை வீட்டில் செய்யலாமா?

கேள்வி (கடலூர் முதுநகர்):
வணக்கம். சர்க்கரை நோயால் வந்த புண் ஆறாமல் போனதால், என் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்றிவிட்டார்கள். தையல் ஆறிவிட்டது. ஆயினும் இல்லாத அந்தப் பாதத்தின் கட்டைவிரலை யாரோ முறுக்குவதைப் போல வலிக்கிறது என்று இரவெல்லாம் தவிக்கிறார். உறவினர்கள் இதை மனப்பிரமை என்று சொல்லவே, இப்போது வலியை வெளியே சொல்வதையே நிறுத்திவிட்டார். கண்ணாடி சிகிச்சையை வீட்டிலேயே செய்யலாமா?

பதில் (செவிலியர், புதுச்சேரி):
சகோதரி, அந்த வலி உண்மையானது என்பதை முதலில் அப்பாவிடமும், பிறகு உறவினர்களிடமும் சொல்லுங்கள். கால் போன பிறகும் அதற்குரிய மூளைப் பகுதி செயல்பட்டுக்கொண்டே இருக்கிறது. அறுபட்ட நரம்பு முனைகளும் வலியைத் தூண்டக்கூடும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கண்ணாடியைக் கொண்டு இந்த வலியைத் தணிக்கும் முறையை அறிமுகப்படுத்தினார்.

மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வீட்டில் செய்யலாம். அப்பாவைக் கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்து, நீளமான கண்ணாடி ஒன்றை இரு கால்களுக்கும் நடுவே, அதன் முகம் இடது காலைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அகற்றிய பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இடது பாதத்தை மெதுவாக மடக்கி நீட்டியபடி, கண்ணாடியில் தெரிவதே தன் வலது பாதம் என்று எண்ணி, இல்லாத பாதத்தையும் உடன் அசைப்பதாக அவர் முயல வேண்டும். இடது காலில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்; இல்லையென்றால் கண்ணாடியில் தெரியும் கால் தன் வலது கால் போலத் தோன்றாது. நாள்தோறும் 15 நிமிடம் என நான்கு வாரம் செய்த ஒரு சிறிய ஆய்வு 2007-இல் வெளியானது. அதில் கண்ணாடியைப் பார்த்துச் செய்தவர்களுக்கு வலி குறைந்தது. எல்லோருக்கும் பலன் கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது. முதல் முறை முழுக் காலைப் பார்த்ததும் சிலர் அழுதுவிடுவார்கள். அப்போது அருகில் இருங்கள். தலைசுற்றலோ வலி அதிகரிப்போ ஏற்பட்டால் நிறுத்திவிடுங்கள்.

பதில் (இயன்முறை மருத்துவர், கடலூர்):
வலி பாதத்தில் இருக்கிறதா, எஞ்சியுள்ள காலின் நுனியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் கேட்டு எழுதி வையுங்கள். நுனியில் சிவப்பு, சூடு, நீர்க்கசிவு இருந்தால் கண்ணாடியை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முழங்காலுக்கடியில் தலையணை வைப்பது இதமாக இருந்தாலும் மூட்டு மடங்கியே இறுகிவிடும். பின்னர் செயற்கைக் கால் பொருத்துவது கடினமாகும். உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். நரம்பு வலிக்குரிய மாத்திரைகள் உண்டு; மருத்துவர் தராமல் எதையும் தொடங்காதீர்கள்.

பதில் (கால் அகற்றப்பட்டவர், பாகூர்):
அம்மா, வலியைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் நான் அதிகம் துன்பப்பட்டேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: தூக்கக் கலக்கத்தில் இரண்டு கால்களும் இருப்பதாக எண்ணி அப்பா எழுந்து நிற்க முயலக்கூடும். ஊன்றுகோலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, கட்டிலருகே இரவு விளக்கை எரியவிடுங்கள்.