கடலிலேயே கிடக்கிற கை

தைரியமான ஆளை நேரில் பார்த்த அனுபவத்தை எழுதச் சொல்லி இந்தப் பக்கத்தில் கேட்டதும், பலரும் கடலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். புயலில் சிக்கியது, படகு கவிழ்ந்து விடிய விடிய மிதந்தது. நம் கரையில் அதற்குப் பஞ்சமில்லை. நான் சொல்ல வந்தது ஓர் அலுவலக மேஜை முன்னால் நடந்தது.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். கடல்பாசி எடுக்கும் பெண்கள் அடிக்கடி வருவார்கள். வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஏர்வாடி வரைக்கும் மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் கடலுக்குள் முங்கிப் பாசி பறிக்கிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, இடுப்பில் ஒரு பை, விரலில் சுற்றிய துணி, அவ்வளவுதான். மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருப்பதைக் கையால் பிய்த்துக்கொண்டு மேலே வரவேண்டும். மரிக்கொழுந்து என்று அவர்கள் சொல்லும் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள், கட்டக்கோரை என்ற பாசியிலிருந்து அல்ஜினேட். இரண்டும் கெட்டியாக்கப் பயன்படுகிறவை. ஐஸ்கிரீம், மருந்து என்று எங்கெங்கோ போய்ச் சேருகிறது. 1986-இல் இங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனபின் இந்தத் தொழிலுக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று தங்களுக்குத் தாங்களே ஒரு வரம்பு போட்டுக்கொண்டார்கள். அவர்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமி 2015-இல் தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தரும் விருதைப் பெற்றார். எங்கள் கரைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி முடியாது.

என்னிடம் வருகிறவர்களில் ஒரு பெரியம்மா. வயது அறுபதை நெருங்கும். ஆதார் சரிபார்ப்புக்கு விரல் வைத்தால் இயந்திரம் ஏற்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாயிற்று. கையைத் திருப்பிப் பார்த்தேன். ரேகை இருக்க வேண்டிய இடம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய வெட்டுத் தழும்புகள். எவ்வளவு துணி சுற்றினாலும் பாறை கிழித்துவிடுமாம். "இந்தப் பொட்டிக்கு என்னைய அடையாளம் தெரியலையா தம்பி?" என்று கேட்டார்.

என் இடத்தில் முடியாததால் ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்துக்கு அவரோடு போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, ஏதோ சான்றிதழுக்காக நின்றிருந்தாள். அங்கேயும் விரல் பதியவில்லை. நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏய், போய்க் கையைக் கழுவிட்டு வா. அழுக்குக் கையோட வந்து மிஷினைக் கெடுக்காதே" என்றார்.

பெரியம்மா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்கய்யா" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குழாய் எந்தப் பக்கம் என்று தேடினார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அந்தப் பெண் பேசினாள்.

"சார், அது கழுவாத கை இல்ல. கடல்லயே கிடக்கிற கை. எங்க அம்மா கையும் இப்படித்தான் இருக்கும். வயசுல பெரியவங்க, வாங்க போங்கன்னு பேசுங்க சார்."

குரல் நடுங்கியது. நெஞ்சோடு பிடித்திருந்த ஃபைலும் ஆடியது. அவளுடைய விண்ணப்பமும் அதே மேஜைக்குத்தான் போக வேண்டும், அதே ஆள்தான் கையெழுத்துப் போட வேண்டும். அது தெரிந்துதான் பேசினாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு ஸ்டூலைக் காட்டி, "உட்காருங்கம்மா" என்றார். அலமாரியைத் திறந்து கருவிழி பார்க்கும் கருவியை எடுத்தார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்தக் கருவி முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அந்தப் பெண்ணுக்குக் கையெழுத்து விழும்வரை நானும் பெரியம்மாவும் அங்கிருந்து நகரவில்லை.

அவமானப்பட்டவரே எழுந்து நியாயம் கேட்கட்டும் என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்குக் காரியம் ஆகவேண்டும், வாயைத் திறந்தால் காரியம் கெடும். பக்கத்தில் நிற்கிறவர்தான் பேச வேண்டும். அப்துல் கலாமைப் பற்றி நம் மாவட்டத்தில் கேட்காத மேடைப்பேச்சு இல்லை. கனவு, உழைப்பு என்று சொல்வார்கள். எனக்கு அவர் வாழ்க்கையில் மனசில் நிற்பது ஐந்தாம் வகுப்பில் நடந்தது. ராமேசுவரம் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியர், தொப்பி போட்ட முஸ்லிம் பையன் பூணூல் போட்ட பையன் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அந்த இன்னொரு பையன் கோயில் தலைமைக் குருக்கள் லட்சுமண சாஸ்திரியின் மகன். தன் மகனை யாரும் எழுப்பவில்லையே என்று சாஸ்திரி சும்மா இருந்திருக்கலாம். அவரோ ஆசிரியரைக் கூப்பிட்டு அனுப்பி, பிள்ளைகள் மனதில் இந்த விஷத்தைக் கலக்காதீர்கள், மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் பள்ளியையும் இந்தத் தீவையும் விட்டுப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த ஆசிரியரும் வருந்தித் திருந்தினார்.

அப்புறம், பெரியம்மா கதைக்கு வருகிறேன். பஸ்ஸில் திரும்பும்போது, எதற்கு இந்த வயதில் இவ்வளவு அலைச்சல் என்று கேட்டேன்.

"வடகடல்ல மிதவை போடணும் தம்பி. என் பேர்ல."

மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளைக் கோத்து மிதக்கவிட்டு, 45 நாளில் அறுக்கிற வளர்ப்பு அது. 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் இங்கே வணிகமாகத் தொடங்கியதால் ஊரில் அதைப் பெப்சிப் பாசி என்றே சொல்வார்கள். கடனுக்கு ஆதார் சரியாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இத்தனை நடை. "இத்தன வருசமும் வியாபாரி நிறுத்தான், அவன் சொன்ன காசை வாங்கிக்கிட்டேன். கடன் வந்ததும் மொதல்ல ஒரு தராசு வாங்கணும். இனிமே நான் நிறுப்பேன்." அடுத்த ஊர் வரும்வரை தராசைப் பற்றியேதான் பேசினார். எலெக்ட்ரானிக் தராசு என்ன விலை, சாக்கோடு வைத்தால் சாக்கின் எடையைக் கழித்துக் காட்டுமா, உப்புக்காற்றில் துருப்பிடிக்குமா என்று எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டார்.

பாசி வளர்க்கும் பெண்கள் குழுவில் அவர் பெயரும் சேர்ந்துவிட்டது. கடன் விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது விரல் பதியவில்லை என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். கருவிழிப் பதிவு, கைப்பேசி ஓடிபி இரண்டுக்கும் ஆதார் விதியில் இடம் உண்டு. தனியாக அனுப்பாமல் கூட ஓர் ஆள் போங்கள். மண்டபம், பாம்பன் பக்கமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நானே வருகிறேன்.