“நாலு பையன்கள் இருக்கிறார்கள், தூக்கிவிடலாம்”: நெல்லை ஹோட்டல்களை அளந்து பார்த்தவர்கள்

பாளை ஓவர்சியர்

சிறப்புக் கல்வி பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்காக வெளியூர் விருந்தினர்களுக்கு ஹோட்டல் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், பார்வையற்ற பேராசிரியர்கள், காது கேளாத ஆசிரியர்கள் என்று பலரும் பட்டியலில் இருந்தார்கள். பணிக்காலம் முழுவதும் டேப் பிடித்தவன் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். வண்ணார்பேட்டை, ஜங்ஷன், புதிய பஸ் நிலையம் என்று ஏறி இறங்கினேன்.

போனில் கேட்டால் எங்கும் ஒரே பதில்: “எல்லா வசதியும் இருக்கிறது சார்.” நேரில் போய் வாசற்படியைக் காட்டினால் பதில் மாறும்: “நாலு பையன்கள் இருக்கிறார்கள் அண்ணாச்சி, தூக்கிவிடலாம்.” நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தங்க வந்தவருக்கு இரவு பத்து மணிக்குத் தெருமுனையில் ஒரு பால் குடிக்கத் தோன்றினால்? அந்த நேரத்தில் நால்வரில் மூவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நம் ஊரில் பேஸ்மட்டத்தை உயர்த்திக் கட்டுவது வழக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இன்னும் ஒரு படி சேர்க்கத்தான் நினைப்பார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. உயர்த்துகிறவர்கள் சாய்தளத்துக்கு இடம் விடுவதில்லை என்பதுதான் சிக்கல். கணக்கு எளியது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். ஆறங்குலப் படி மூன்று என்றால் உயரம் ஒன்றரை அடி. சாய்தளம் 18 அடி ஓட வேண்டும். நான் பார்த்த ஒரு ஹோட்டலில் அது ஐந்தடியில் முடிந்துவிட்டது, அதுவும் வழவழப்பான கிரானைட்டில். பெட்டி ஏற்றும் தள்ளுவண்டிக்காகப் போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியை ஏற்றினால் பின்பக்கமாகக் கவிழும்.

வாசலைத் தாண்டினாலும் உண்மையான பரீட்சை குளியலறையில்தான். “இரண்டரை அடிக் கதவு சார்” என்பார்கள். அது நிலையின் வெளி அளவு. நிலைச்சட்டத்தின் கனத்தையும் திறந்து நிற்கும் கதவின் கனத்தையும் கழித்தால் 65 சென்டிமீட்டர் மிஞ்சினால் அதிகம். சாதாரண மடக்குச் சக்கர நாற்காலியின் அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான். அப்புறம் சக்கரத்தைத் தள்ளுகிற கை எந்த வழியாகப் போகும்? ஒன்றிய அரசின் 2021ஆம் ஆண்டு அணுகல் நெறிமுறை 90 சென்டிமீட்டர் திறப்பு கேட்கிறது. நாற்காலி திரும்ப உள்ளே ஒன்றரை மீட்டர் வட்டம் கேட்கிறது. இங்கேயோ தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு திண்டு, உள்பக்கம் திறக்கும் கதவு, அழகுக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு. மாற்றுத்திறனாளிகளுக்கென்று பலகை மாட்டிய கழிப்பறை ஒன்றையும் பார்த்தேன். பூட்டியிருந்தது. சாவி வரவழைத்துத் திறந்தால் உள்ளே துடைப்பங்களும் கிழிந்த மெத்தையும்.

பிறகு டேப்போடு நண்பர் ஒருவரின் மடக்கு நாற்காலியையும் காரில் போட்டுக்கொண்டு போனேன். டேப்பைப் பார்த்து வாதாடுகிற மேலாளர், நாற்காலி கதவில் முட்டி நிற்பதைப் பார்த்தால் வாதாடுவதில்லை. கடைசியில் நாங்கள் எடுத்தது பெரிய ஹோட்டல் இல்லை. அதன் முதலாளி அன்று மாலையே தச்சரை வரவழைத்து, தரைத்தளத்து அறைகளில் குளியலறைக் கதவுகளைக் கழற்றித் திரை மாட்டினார். திண்டுக்கு மரத்தில் சிறு சரிவு செய்து வைத்தார். கதவு போனதில் கிடைத்த ஓரிரு அங்குலம் போதுமாக இருந்தது.

தென்காசிச் சாரல்

ஓவர்சியர் அண்ணாச்சி சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நான் நாற்காலியில் இருப்பவன். தூக்கிவிட்டவர்கள் இல்லாவிட்டால் பாதி ஊர்களைப் பார்த்திருக்கவே மாட்டேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தூக்கத் தெரிந்து தூக்க வேண்டும். கை வைக்கும் பகுதியைப் பிடித்துத்தான் எல்லோரும் தூக்குவார்கள். என் நாற்காலியில் அது கழற்றி மாட்டும் வகை. ஒரு மண்டபத்து மாடிப்படியில் பாதி வழியில் அது தூக்கியவர் கையோடு போய்விட்டது. பின்னால் வந்த சமையல்காரர் தாங்கிக்கொண்டதால் தப்பினேன். இப்போது பிடிக்க வேண்டிய இரும்புச் சட்டத்தில் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அந்தப் படியில் ஏறியது எதற்காக என்றால், சாப்பாட்டுக்கு. நம் பக்கத்து மண்டபங்கள் பலவற்றில் கூட்டம் ஒரு தளத்தில், பந்தி வேறு தளத்தில். கருத்தரங்குக்கு இடம் பார்ப்பவர்கள் அறையையும் அரங்கையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இலை எங்கே போடுவீர்கள் என்று கேட்பதில்லை. மேடையையும் கவனிப்பதில்லை. ஒரு முறை என்னைப் பேச அழைத்துவிட்டு, மற்றவர்கள் எல்லோரும் மேலே உட்கார்ந்திருக்க, கீழே ஓரமாக நிறுத்தி மைக்கைக் கொடுத்தார்கள். பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும் மேடையே திரண்டு இறங்கி வந்தது.

கட்டிலையும் அளக்க வேண்டும். என் நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். இப்போது வருகிற தடித்த மெத்தையைப் போட்டால் கட்டில் 65ஐத் தொடுகிறது. இறங்கிவிடலாம், ஏற முடியாது. மெத்தையை மாற்றித் தரச் சொன்னால் பெரும்பாலும் தருகிறார்கள்.

முடிந்தால் தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் அமர் சேவா சங்க வளாகத்தைப் போய்ப் பாருங்கள். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. ஹோட்டல் கட்டப் போகிறவர்கள் வெளிநாட்டு ஹோட்டல்களின் படங்களைப் புரட்டும் முன் ஒரு பகல் அங்கே நடந்து பார்க்கலாம்.

பாளை ஆசிரியை

எனக்குப் பார்வை இல்லை. படிகளால் எனக்குத் தொல்லையே இல்லை, லிப்டால்தான். பழைய லிப்டில் புடைத்த பொத்தான்கள். எண்ணிப் பார்த்து அழுத்துவேன். புதிய ஹோட்டல் ஒன்றில் வழவழவென்று ஒரு பலகை. தேடித் தடவினாலே எல்லா மாடிக்கும் உத்தரவு போய்விடுகிறது. மாடி எண்ணைச் சொல்லும் குரல் அதில் உண்டாம். தூக்கம் கெடுகிறது என்று யாரோ புகார் சொன்னதால் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

வரவேற்பில் இருந்த பையன் என் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு நடந்தான். “தம்பி, நீங்கள் முன்னால் நடங்கள், நான் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறேன்” என்றேன். அதன்பிறகு அருமையாகக் கூட்டிப்போனான். அறைக்குள் கட்டில், சுவிட்ச், கழிப்பறை, வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று ஒரு சுற்று காட்டச் சொன்னேன். சில நிமிடம்தான் ஆயிற்று. அண்ணாச்சி போன்றவர்கள் தங்கள் பட்டியலில் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும், முதலாளிக்குக் காசு செலவில்லாத வசதி இது. ஷாம்புவும் உடம்புக்குப் பூசுகிற லோஷனும் ஒரே அச்சில் வார்த்த குப்பிகளில் இருந்தன. ஒன்றுக்கு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டேன்.

உணவகத்தில் மெனு அட்டை இல்லை. மேசையில் ஒட்டிய கியூஆர் குறியீட்டைத் திறந்தால் பக்கம் முழுவதும் படம். என் போனின் திரைவாசிப்பான் “படம்” என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டது. பரிமாறுகிறவர் என்னை விட்டுவிட்டு உடன் வந்த தங்கையிடம், “அக்காவுக்கு என்ன வேண்டுமாம்?” என்றார். நானும் தங்கையைப் பார்த்துத் திரும்பி, “அக்காவுக்குச் சொதி வேண்டுமாம் என்று அவரிடம் சொல்” என்றேன். சிரித்துவிட்டார். அப்புறம் என்னிடமே பேசினார். அன்று சொதி இல்லை என்பது வேறு விஷயம்.

ஸ்வெயின்சன் பள்ளிக்காரர்களின் மகள்

அப்பா, அம்மா இருவரும் பாளையங்கோட்டை ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாதோர் பள்ளியில் படித்தவர்கள். இவர்களைப் பார்த்தவுடன் ஹோட்டல்காரர்கள் எந்த ஏற்பாடும் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிறகு காபி கொண்டுவந்த பையன் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, வரவேற்பிலிருந்த சாவியால் திறந்து உள்ளே வந்துவிடுகிறான். அப்பா துண்டோடு நிற்கிறார். மணி அழுத்தினால் விளக்கு மின்னுகிற ஏற்பாடு பெரிய செலவில்லை. அறைத் தொலைபேசிக்குப் பதில் வரவேற்பின் வாட்ஸ்அப் எண் போதும். தீ எச்சரிக்கை மணி அடித்தால் எந்த அறையில் போய் எழுப்ப வேண்டும் என்று இரவுப் பணியாளரிடம் ஒரு தாளாவது இருக்க வேண்டும். நான் கேட்ட இடங்களில் இருந்ததில்லை.

கருத்தரங்கு அரங்கில் திரையில் படம் காட்டுவதற்காக எல்லா விளக்கையும் அணைப்பார்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் இருட்டில் கையசைத்துக்கொண்டிருப்பார். அவர்மேல் ஒரு விளக்காவது எரிய வேண்டும்.

வக்கீல், திருநெல்வேலி நகரம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் 46ஆவது பிரிவில் தனியார் சேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. அதன்கீழ் வகுத்த விதிகளில், அணுகல் தரங்களைப் பற்றிய 15ஆவது விதி பரிந்துரை போல இருப்பது அந்தச் சட்டத்துக்கே முரண் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை வகுக்கவும் சொன்னது. ஆகவே யாரிடமும் தயவு கேட்க வேண்டியதில்லை. அதற்காக முன்பதிவு செய்யும்போதே சட்டப் பிரிவைச் சொன்னால், “அறை காலி இல்லை” என்ற பதில்தான் வரும். குளியலறை வாசலில் டேப்பை விரித்து வைத்துப் புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்திலும் படத்திலும் வந்த பதில் பின்னால் உதவும்.

குற்றாலம் விடுதி மேலாளர்

எங்கள் தரப்பையும் சொல்கிறேன். கைப்பிடிக் கம்பி போட்ட அறையைச் சீசனில் மற்றவர்களுக்குக் கொடுத்தால், “ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது” என்று வேறு அறை கேட்கிறார்கள். முதலாளி அதனால்தான் தயங்குகிறார். இப்போது சுவரோடு மடக்கி வைக்கிற கம்பி போடலாம் என்று பேசியிருக்கிறோம். எங்கள் குளியலறைச் சுவர் ஹாலோ பிளாக், உள்ளே வெற்றிடம் உள்ள கல். தாங்குமா ஐயா?

பாளை ஓவர்சியர்

வெறும் பிளக் அடித்து மாட்டினால் தாங்காது. எழுந்திருக்கும்போது முழு எடையும் கம்பியில்தான் விழும். கம்பியோடு ஆளும் வந்துவிடுவார். சுவரின் மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து, இரண்டு பக்கத்தையும் ஊடுருவி போல்ட் போடுங்கள். மறுபக்கம் அடுத்த அறையின் டைல்ஸ் என்றால் தரையில் கால் ஊன்றுகிற கம்பியாக வாங்குங்கள். துளைத்த இடத்தில் நீர் கசியாமல் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழ் அறைக்காரர் சண்டைக்கு வருவார். கழிப்பறைப் பீங்கானின் இரண்டு பக்கமும் கம்பி போடுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு எந்தக் கை வழங்கும் என்று முன்கூட்டி உங்களுக்குத் தெரியாது. மாட்டி முடித்ததும் உங்கள் பணியாளர்களில் கனமான ஆளைக் கூப்பிட்டு, அதைப் பிடித்து நான்கைந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். அதன்பிறகு தச்சருக்குக் காசு கொடுங்கள்.