தாய் நிறுவனத்தை லண்டன் கோர்ட்டுக்கு இழுப்பது எப்படி?

கரிசல்காட்டான்:
சாம்பியாவில் சிங்கோலா பக்கம் செம்புச் சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்ததென்று ஊர்க்காரர்கள் 1,826 பேர் வேதாந்தா மீது லண்டனில் வழக்குப் போட்டார்கள். 2019-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்றது. சுரங்கம் நடத்தியதோ சாம்பியாவிலேயே பதிவான கொங்கோலா காப்பர் மைன்ஸ். பிறகு லண்டனில் பதிவான தாய் நிறுவனம் வேதாந்தா எப்படி மாட்டியது? நம்மூர் ஆலைக்கும் இந்த வழி சரிப்படுமா?

வாய்தா:
பங்கு வைத்திருப்பதற்காக மட்டும் மாட்டாது. சுரங்க வேலையில் எவ்வளவு தலையிட்டது என்பதுதான் கேள்வி. வேதாந்தா தானே வெளியிட்ட அறிக்கைகளில், துணை நிறுவனங்களின் சுற்றுச்சூழல் கட்டுப்பாட்டைக் கண்காணிப்பதாக மார்தட்டியிருந்தது. அதுவே வாதத்துக்குத் தீனி. ஆகவே ஆண்டறிக்கை, பாதுகாப்புக் கையேடு எல்லாவற்றையும் இணையதளத்தில் இருக்கும்போதே தேதியோடு இறக்கி வையுங்கள். தேர்தல் கலவரத்தில் தங்களைக் காக்கவில்லை என்று கென்யத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் தாய் நிறுவனமான யூனிலீவர் மீது லண்டனில் போட்டது 2018-ல் தோற்றது. அங்கே நெருக்கடி ஏற்பாடுகளைத் தோட்ட நிர்வாகமே கவனித்துக்கொண்டது.

இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வழக்கை நடத்தச் சரியான இடம் சாம்பியாதான் என்றே நீதிபதிகள் கருதினார்கள். ஆனால் அங்கே பரம ஏழைகளுக்காக ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று வக்கீல் வைக்கச் சட்டம் விடாது, இவ்வளவு பெரிய வழக்கைத் தாங்கும் வக்கீல் அலுவலகமும் இல்லை. அதனால்தான் லண்டன். இந்தியாவைப் பற்றி அப்படி நிரூபிப்பது கஷ்டம். போபால் வழக்கையே 1986-ல் நியூயார்க் நீதிபதி இங்கே திருப்பி அனுப்பினார்.

முத்துநகர்:
காலவரம்பை மறக்காதீங்க அண்ணா. லண்டனில் போட்டாலும் சேதம் நடந்த நாட்டின் கணக்குத்தான். நமக்குப் பொதுவாக 3 வருஷம். நைஜீரியாவில் ஷெல் கம்பெனியின் போங்கா கடல் எண்ணெய் வயலில் கசிவு 2011 டிசம்பரில். லண்டனில் வழக்கு 2017 டிசம்பரில், 6 வருஷக் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது. 2018 ஏப்ரலில் பிரதிவாதியாக வேறொரு ஷெல் நிறுவனத்தைச் சேர்த்தார்கள், கெடு தாண்டிவிட்டது. எண்ணெய் நிலத்தில் கிடக்கும்வரை தொல்லை தொடர்கிறது, அதனால் கெடு முடியவில்லை என்ற வாதமும் 2023-ல் எடுபடவில்லை. எந்தக் கம்பெனி என்று பதிவுப் பெயரைச் சரிபார்க்காமல் மனு எழுதவே கூடாது.

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டுக்கு 15-ஆம் பிரிவு, 5 வருஷ அவகாசம், கட்டணம் கேட்கும் தொகையில் 1%. முதலில் அதைப் பாருங்க.

கரிசல்காட்டான்:
சோதனைக்கு ஆற்றுத் தண்ணீரில் மாதிரி எடுப்பதில் ஏதும் சிக்கல் வருமா?

வாய்தா:
வரும். ஆறு ஆலையைத் தொடுமுன் ஒன்று, தாண்டிய பிறகு ஒன்று எடுக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் ‘இயற்கையிலேயே அப்படித்தான்’ என்பார்கள். உலோகம் பார்க்க நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 2-க்குக் கீழே இறக்காவிட்டால், உலோகம் குப்பிச் சுவரில் ஒட்டி அளவு குறைவாக வரும். யார் எடுத்தார், யார் கைமாற்றினார், எத்தனை மணிக்கு என்ற தாள் இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் அந்த மாதிரி செத்தது.

சாம்பியா வழக்கு 2015-ல் போட்டது, 2021 ஜனவரியில் பொறுப்பை ஏற்காமலே சமரசம். நடுவே ஓடிய காலத்தில் பெரும்பகுதி ‘எங்கே விசாரிப்பது’ என்பதற்கே போனது.