கிசி திராட்சை மது: ஜார்ஜியாவில் எனக்கு நேர்ந்த அனுபவம்

ஜார்ஜியத் தலைநகர் திபிலீசியில் மருத்துவம் படிக்கும் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, கக்கேத்தி வட்டாரத்தில் தெலாவிக்கு அருகே ஒரு குடும்பத்தாரின் மது அறைக்குப் போயிருந்தேன். அந்த அறையை அங்கே ‘மாரானி’ என்பார்கள். அழிவின் விளிம்புவரை சென்று மீண்ட ‘கிசி’ என்னும் வெள்ளைத் திராட்சையின் மதுவை அங்குதான் முதன்முதலாகச் சுவைத்தேன். வெள்ளை ஒயின்தானே என்று எண்ணி, நன்றாகக் குளிரவைத்துத் தரும்படி கேட்டது என் பிழை. வீட்டுப் பெரியவர் மறுப்புச் சொல்லாமல் அப்படியே கொடுத்தார். கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல் நாக்கு இழுத்துக்கொண்டதே தவிர, மணம் எதுவும் தெரியவில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உண்டு முடித்து, அரை மணி நேரம் கழித்து அதே கோப்பையை எடுத்தபோது, உலர்ந்த ஆப்ரிகாட்டின் மணம் எழுந்து நின்றது. துவர்ப்பும் தேநீரின் அளவுக்குத் தணிந்திருந்தது.

அந்தத் துவர்ப்புக்குக் காரணம் காலடியிலேயே இருந்தது. கழுத்துவரை மண்ணில் புதைத்து, உட்புறம் தேன்மெழுகு பூசிய ‘க்வெவ்ரி’ என்னும் பெருந்தாழிக்குள் சாற்றைத் தோல், கொட்டை, காம்போடு சேர்த்து ஐந்தாறு மாதம் விட்டுவைக்கிறார்கள். நிறமும் அதனால்தான் தேன்போல் ஆகிறது. (எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது முதுமக்கள் தாழிதான். அதைச் சொல்லிவிடாதீர்கள் என்று மகள் கண்ணாலேயே தடுத்துவிட்டாள்.)

ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாட்டுத் திராட்சை வகைகள் கொண்ட அந்நாட்டில், சோவியத் ஆட்சியின் ஆலைகள் விளைச்சலையே பெரிதாகக் கருதியதால், கக்கேத்தியில் ர்காட்சிட்டெலி, சபெராவி என்னும் இரு திராட்சை வகைகள் எங்கும் பரவ, கிசி போன்றவை ஓரங்கட்டப்பட்டன. 1985இல் சோவியத் தலைவர் கொர்பச்சோவின் மதுவிலக்கு இயக்கத்தில் தோட்டங்களே பிடுங்கப்பட்டன. பெரியவர் வீட்டில் கிசி பிழைத்ததற்கு அரிய கொள்கை எதுவும் காரணமில்லை. கொல்லையில் இரண்டு வரிசைக் கொடிகள் வீட்டுத் தேவைக்கென்று நின்றிருந்தன, ஆலைக்குப் போகாத அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான். 2006இல் ரஷ்யா ஜார்ஜிய மதுவுக்குத் தடை விதித்த பிறகு, மலிவான மதுவுக்கு இருந்த பெருஞ்சந்தை அடைபட்டு, வேறு நாடுகளில் தனித்தன்மையைக் காட்டி விற்க வேண்டிய நெருக்கடி வந்தபோதுதான் இத்தகைய கொடிகளுக்கு மதிப்புக் கூடியது. மீட்பு என்றதும் ஆய்வுக்கூடத்தை மட்டும் புகழ்வது எனக்கு உடன்பாடில்லை. கொல்லைப்புறங்களுக்கும் அதில் பங்குண்டு.

ஜார்ஜியாவின் மேற்கே சமெக்ரெலோ வட்டாரத்தில் ‘ஓஜலேஷி’ என்றொரு கருந்திராட்சை உண்டு. மரத்தின்மேல் வளர்வது என்பதே அப்பெயரின் பொருள். நம் மிளகுக் கொடியைப்போல் மரத்தில் ஏற்றிவிடப்பட்ட அதை, கூடையோடு ஏறிப் பறிப்பது பழைய வழக்கமாம். அறுவடை நவம்பர்வரை நீளும் என்பதால் அடுத்த பயணத்தை அந்த மாதத்திற்குத் தள்ளியிருக்கிறேன். நேரில் பார்த்தவர்கள் இருந்தால், எந்த ஊருக்குப் போகலாம் என்று சொல்லுங்கள்.