புதுப்பிப்பு: சுங்கை சிப்புட்டிலிருந்து சிங்கப்பூர் வேலைக்குப் போன தம்பியின் லைசென்ஸ் மாற்றம்

நம்ம மலேசிய 'டி' லைசென்ஸை (கார் லைசென்ஸ்) அங்கே எப்படி மாற்றுவது என்று போன தடவை கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன், அக்கா எல்லாருக்கும் நன்றி. தம்பிக்கு சிங்கப்பூர் கார் லைசென்ஸான கிளாஸ் 3 கிடைத்துவிட்டது.

"முதலில் அடிப்படைத் தியரி டெஸ்ட், பிறகுதான் விண்ணப்பம்" என்ற யோசனையே சரி. ஓட்டிக்காட்டும் டெஸ்ட் கிடையாது. தியரியில் 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும். மாற்றக் கட்டணம் 50 வெள்ளி, சிங்கப்பூர் காசு.

எதிர்பாராதது தியரிதான். நம்ம பழக்கமே காலை வாரும். நெடுஞ்சாலையில் நமக்கு 110, அங்கே அதிகபட்சம் 90. மூச்சில் மது அளவு நமக்கு 22 மைக்ரோகிராம், அங்கே 35. பஸ் லேனில் கார் போகக்கூடாத நேரங்களையும் மனப்பாடம் செய்யுங்கள்: சாதாரண பஸ் லேன் என்றால் வார நாளில் காலை 7.30 முதல் 9.30, மாலை 5 முதல் 8.

ஆட்டோ கியர் கார் மட்டும் ஓட்டும் 'டிஏ' வைத்திருந்தால், அங்கே கிடைப்பதும் ஆட்டோ கியருக்கான 3ஏ தான். மலேசிய லைசென்ஸ் காலாவதியாகி இருக்கக்கூடாது. கிளம்பும் முன்பே புதுப்பித்து விடுங்கள், வருடத்துக்கு 30 ரிங்கிட். வேலை பாஸில் இருப்பவர்கள் 12 மாதத்துக்குள் மாற்றியாக வேண்டும், கடைசி மாதம் வரை தள்ளாதீர்கள்.