சைக்கிள் ரேஸ் பிழைப்புக்கு ஆகுமா? பையனுக்கு என்ன பதில் சொல்வது?

பொங்கோல்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என் மகனுக்குப் பதினேழு வயது, இங்கே சிங்கப்பூரில் பாலிடெக்னிக்கில் முதல் வருடம். ரோடு பைக் என்றால் உயிர். சனி, ஞாயிறு விடிவதற்குள் கிளம்பிவிடுவான். இப்போது புதிதாக ஒரு பேச்சு வந்திருக்கிறது. டிப்ளோமாவும் தேசிய சேவையும் (கட்டாய ராணுவ சேவை) முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்குப் போகமாட்டானாம். மலேசியாவிலோ ஐரோப்பாவிலோ ஒரு கான்டினென்டல் அணியில் சேர்ந்து ரேஸ் ஓட்டுவானாம். "சைக்கிள் ஓட்டி எவன் சோறு தின்றான்" என்று அவன் அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை, விஷயமும் தெரியவில்லை. ஓட்டியவர்கள் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கிராஞ்சி_காற்று:
விடுங்கள் அக்கா, போகட்டும். எரித்ரியாவிலிருந்து வந்த பினியம் கிர்மாய் 2024 டூர் டி பிரான்சில் மூன்று கட்டங்களை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) ஜெயித்து, புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டையோடு பாரிசில்... இல்லை, அந்த வருடம் நீஸில் முடிந்தது. எங்கே முடிந்தால் என்ன, ஜெயித்தான். பணக்கார நாட்டுப் பையனா அவன்? நம்மிடம் நல்ல சாலை, நல்ல சாப்பாடு, விளையாட்டு மருத்துவம் எல்லாம் இருக்கிறது. இல்லாதது "போய்ப் பார்" என்று சொல்லும் பெற்றோர்தான். நம் கோ சூன் ஹுவாட் மலேசியாவின் தெரெங்கானு அணிக்கு ஓட்டவில்லையா?

முன்னாள்_ஜூனியர்:
கிர்மாயை இழுக்கும் முன்னால் அவர் நாட்டுத் தலைநகர் அஸ்மாராவைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். இத்தாலியர் காலத்திலிருந்தே சைக்கிள் பந்தயம் அங்கே ஊர்ப் பழக்கம். நம்முடைய உச்சி புக்கிட் தீமா குன்று, 163 மீட்டர்.

அம்மா, கணக்கை நேராகவே சொல்கிறேன். யூசிஐ (உலக சைக்கிள் சம்மேளனம்) விதிப்படி 17, 18 வயது ஜூனியர். 19 முதல் 22 வரை அண்டர் 23. பெரிய அணிகள் ஆள் பொறுக்குவது இந்த வயதில்தான், இப்போது ஜூனியரிலேயே கொத்திக்கொண்டு போகிறார்கள். உங்கள் மகன் டிப்ளோமா முடிக்கும்போது இருபது நெருங்கிவிடும். இரண்டு வருடம் சேவை. ஓஆர்டி ஆகி, அதாவது சேவை முடிந்து, வெளியே வரும்போது அண்டர் 23 கதவு சாத்தப்படும் நேரம். அந்த வயதில் ஸ்லோவேனியாக்காரர் போகாச்சார் என்ன செய்தார் தெரியுமா? 2020இல் தன் 22ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் டூர் டி பிரான்சை ஜெயித்து மஞ்சள் சட்டையோடு பாரிசில் நின்றார். சேவையைத் தள்ளிவைக்கலாமே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங், காற்றாடிப் படகோட்டி மேக்ஸ் மேடர் போல ஒலிம்பிக் பதக்கம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது கிடைத்தது.

அப்புறம் சம்பளம். உச்சியில் வேர்ல்டு டூர், 18 அணிகள். அதற்கு அடுத்த தட்டு புரோ டீம். இந்த இரண்டிலும் குறைந்தபட்சச் சம்பளத்தை யூசிஐ நிர்ணயித்திருக்கிறது. மூன்றாவது தட்டு கான்டினென்டல், உங்கள் மகன் சொல்வது. அங்கே அப்படி ஒரு விதியே கிடையாது. கொடுத்தால் உண்டு. நான் இருந்த அணியில் (பெயர் வேண்டாம்) சைக்கிளும் சட்டையும் ஹோட்டல் அறையும் கொடுத்தார்கள்; மாதப் பணம் மட்டும் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று தள்ளிக்கொண்டே போனது.

கிராஞ்சி_காற்று:
அப்படியானால் ஸ்லோவேனியாவின் ரோக்லிச்? அவர் இளமையில் பனிச்சறுக்குத் தாண்டல்காரர். 2007இல் ஜூனியர் உலகப் பட்டம் ஜெயித்த அணியில் இருந்தவர். ரேஸ் சைக்கிளில் ஏறியதே இருபது தாண்டிய பிறகு. ஸ்லோவேனியாவில் ஒரு கான்டினென்டல் அணியில் தொடங்கி, வேர்ல்டு டூருக்கு வந்தது 2016இல். அப்புறம் நான்கு வுவெல்டா (ஸ்பெயின் சுற்று), ஒரு ஜிரோ (இத்தாலி சுற்று) ஜெயித்தார். அண்டர் 23 கதவு, ஜன்னல் என்று பயமுறுத்தாதீர்கள்.

முன்னாள்_ஜூனியர்:
உலகத்தில் ஒரே ஒரு ரோக்லிச். அவர் வீட்டு வாசலிலேயே மலை, பக்கத்து நாடு இத்தாலி, வாரம் தவறினாலும் ரேஸ் தவறாது. இங்கே சாலையை மூடி ரேஸ் நடப்பது வருடத்துக்கு எத்தனை முறை? உங்கள் விரலே போதும் எண்ண.

பஸ்கேப்டன்_ஈசூன்:
நடுவில் ஒரு வார்த்தை. மூடாத சாலையில் ரேஸ் நடக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசக் காணோம். ஞாயிறு காலை முதல் டிரிப் எடுத்தால் மண்டாய் ரோட்டில் முப்பது பேர் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி போவார்கள். நிறுத்தத்துக்குள் ஒதுங்கவும் முடியாது, முந்தவும் முடியாது. பின்னால் காடிக்காரர் ஹாரன் அடிப்பது என்னைப் பார்த்து. 2022 ஜனவரியில் சட்டம் வந்தது நல்லது. நீளம் ஐந்து சைக்கிளுக்கு மேல் போகக்கூடாது. ஒற்றை வரிசை என்றால் ஐந்து பேர், இரட்டை என்றால் பத்து. மீறினால் 150 வெள்ளி.

கிராஞ்சி_காற்று:
கேப்டன் அண்ணே, மரியாதையோடு சொல்கிறேன், ரேஸைக் கொன்றதே அந்தச் சட்டம்தான். நியோ தியூ ரோடு மாதிரி ஒற்றைத் தடத்தில் இரட்டை வரிசையே கூடாது. ஆக ஐந்து பேர், ஒருவர் பின் ஒருவர். பஸ் தடம் நடப்பில் இருக்கும் நேரத்தில் அங்கேயும் ஒற்றை வரிசை. ஐந்து பேரோடு ஓட்டிப் பழகிய பையன் நூற்றைம்பது பேர் கூட்டத்தில் போய் என்ன செய்வான்? காடிக்காரர்கள் எங்களை முந்தும்போது ஒன்றரை மீட்டர் விடச் சொல்லி அறிவுறுத்தல் இருக்கிறது, அதை எத்தனை பேர் மதிக்கிறார்கள்?

பஸ்கேப்டன்_ஈசூன்:
நான் விடுகிறேன் தம்பி. 12 மீட்டர் வண்டியை வைத்துக்கொண்டு ஒன்றரை மீட்டர் விட்டு உங்களில் ஐந்து பேரை முந்தலாம். முப்பது பேரை முந்த எதிர்த் தடம் காலியாக இருக்க வேண்டும். ரேஸ் பழக ரேஸ் களம் கேளுங்கள், என் ரூட்டைக் கேட்காதீர்கள்.

முன்னாள்_ஜூனியர்:
இதில் கேப்டன் பக்கம்தான் நான். ஆனாலும் கிராஞ்சி சொன்னதில் ஒரு விஷயம் உண்மை, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், அம்மாவுக்காக.

ரோடு ரேஸில் கால் பலம் பாதிதான். முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்கும் என் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண், ஒன்றரைச் சாண் இடைவெளி. அந்தக் காற்று மறைவில் உட்கார்ந்தால் உழைப்பு கணிசமாகக் குறையும். இது இங்கேயே பழகலாம். ஆனால் வெட்டவெளியில் பக்கக் காற்று அடிக்கும்போது மறைவு பின்னால் இருக்காது, பக்கவாட்டில் இருக்கும். கூட்டம் சாய்கோடாக விரியும். சாலை அகலத்தில் பதினைந்து பேருக்கு இடம் என்றால் பதினைந்து பேருக்குத்தான் மறைவு. பதினாறாவது ஆள் சாலை விளிம்பில் தொங்குவான், வெள்ளைக் கோட்டின் மேல் டயர் வழுக்கும், முன்னால் இருப்பவனின் இடுப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. அவன் ஒரு சக்கர நீளம் விட்டால் அவனுக்குப் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் அன்றைய ரேஸ் முடிந்தது. நான் முதல் முறை அதில் மாட்டியபோது என் வாட் எண் (மிதிக்கும் பலத்தின் அளவு) கூட்டத்தில் பாதிப் பேரைவிட நன்றாகத்தான் இருந்தது. எங்கே நிற்க வேண்டும் என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

நம் பையன்கள் வீட்டில் டிரெய்னர் கருவியில் பூட்டிய சைக்கிளில் ஏறி, ஸ்விஃப்ட் என்ற இணையப் பந்தயச் செயலியில் அசத்துகிறார்கள். 2023இல் ஒலிம்பிக் இ-ஸ்போர்ட்ஸ் வாரமே இங்கே நடந்தது, அதில் சைக்கிளும் உண்டு. நல்லது. திரையில் யாரும் உங்களை முழங்கையால் தள்ளமாட்டார்கள்.

நாற்பத்தைந்து_பிளஸ்:
ஏன் எல்லோரும் புரோ, புரோ என்றே பேசுகிறீர்கள்? நான் வங்கியில் வேலை பார்ப்பவன். விடிகாலை நாலரைக்கு எழுந்து லிம் சூ காங் ஒரு சுற்று, அப்பர் தாம்சன் பக்கம் புரோட்டா, எட்டு மணிக்கு வீடு. வருடத்துக்கு ஒருமுறை தானா மேராவில் ஃபெரி ஏறி இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் டூர் டி பிந்தான் ரேஸ். வயதுப் பிரிவில் நன்றாக வந்தால் கிரான் ஃபோண்டோ என்ற அமெச்சூர் உலகப் போட்டிக்கே தகுதி. சம்பளம் தள்ளிப்போகும் கவலை இல்லை. பையன் படித்து வேலைக்குப் போகட்டும், இப்படி ஓட்டட்டும். இதுவும் ரேஸ்தான்.

கிராஞ்சி_காற்று:
ரேஸ்தான் அங்கிள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் குழுவில் யூசிஐயின் 6.8 கிலோ வரம்புக்கும் கீழே சைக்கிளை இளைக்க வைக்க ஆயிரம் ஆயிரமாகக் கொட்டுகிறார்கள், வயிற்றை இளைக்க வைக்கச் செலவே இல்லை. பதினேழு வயதில் ஒருவனுக்கு அதைப் போய் லட்சியமாகக் காட்டலாமா?

நாற்பத்தைந்து_பிளஸ்:
என் வயிறு என் காசு. அடுத்த மாதம் மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் பார்க்கலாம்.

பொங்கோல்_அம்மா:
சண்டை வேண்டாம். இரண்டு கேள்வி. விழுந்தால் என்ன ஆகும்? நன்றாகவே ஓட்டினாலும் கடைசியில் எங்கே போய் நிற்பான்? டூர் டி பிரான்ஸ் பெயரில் மரினா பே பக்கம் நடத்தினார்களே, அங்கே அவனைக் கூட்டிப் போனேன். அதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சே ஆரம்பித்தது.

முன்னாள்_ஜூனியர்:
மரினா பேயில் நீங்கள் பார்த்தது காட்சிப் பந்தயம், தரவரிசைப் புள்ளி எதுவும் அதில் கிடையாது. 2024 நவம்பரில் பிரிட்டிஷ் வீரர் கேவண்டிஷ் தன் கடைசி ரேஸை அங்கேதான் ஓட்டி ஜெயித்தார். டூரில் 35 கட்டம் ஜெயித்தவருக்குச் சிங்கப்பூர் நல்ல வழியனுப்புதல் கொடுத்தது. கைதட்டலில் நானும் இருந்தேன். ஆனால் அதைப் பார்த்து இந்த வாழ்க்கையை எடை போடக்கூடாது.

எங்கே போய் நிற்பான் என்றால், பெரும்பாலும் வேறு ஒருவனுக்கு வேலை செய்யும் இடத்தில். டூரில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். ஜெயிக்க வந்தவர் ஒருவரோ இருவரோ. மற்றவர்கள் அணிக் காருக்குப் பின்வாங்கி, ஏழெட்டுப் பாட்டிலைச் சட்டைக்குள் முதுகுப் பக்கம் திணித்துக்கொண்டு, குளிர்ந்த பிளாஸ்டிக் முதுகெலும்பில் இடிக்க இடிக்க மறுபடி கூட்டத்தின் முன்னால் போய்க் கொடுக்க வேண்டும். ஜெயித்தவரின் பரிசு ஐந்து லட்சம் யூரோவை அணியோடு பங்கு போடுவது வழக்கம், அதற்குக் காரணம் இதுதான். இந்த வேலை பிடிக்குமா என்று அவனைக் கேளுங்கள். மஞ்சள் சட்டை பிடிக்குமா என்று கேட்டால் எல்லோருக்கும் பிடிக்கும்.

விழுவதைப் பற்றி: காறை எலும்பு உடைவது சாதாரணம். அதற்கு மேலும் நடக்கும். 2023 ஜூனில் சுவிட்சர்லாந்தில் மலை இறக்கத்தில் விழுந்த ஜீனோ மேடர் மறுநாள் இறந்துபோனார், 26 வயது. மறைத்துப் பேசி என்ன பயன்?

கிராஞ்சி_காற்று:
இவ்வளவு இருட்டாகச் சொல்ல வேண்டுமா? 2012இல் ஓசிபிசி பெயரில் சிங்கப்பூருக்கென்றே ஒரு கான்டினென்டல் அணி தொடங்கினார்கள். சில வருடத்தில் கலைந்தது, சரி. அது இருந்த நாட்களில் இங்கே ஒரு பையன் "நான் அதில் சேரப் போகிறேன்" என்று சொன்னால் அப்பாவுக்குப் புரிந்திருக்கும். இன்று அவன் ஜோகூர் தாண்டித்தான் போக வேண்டும். தகுதி இல்லாததால் நம் பையன்கள் தோற்கவில்லை, ஏணியின் நடுப்படி பிடுங்கப்பட்டதால் தோற்கிறார்கள். நீங்கள் படியைக் கேட்காமல் பையனைக் கீழே இறங்கச் சொல்கிறீர்கள்.

முன்னாள்_ஜூனியர்:
படி இல்லாத ஏணியில் ஏறச் சொல்வது நீங்கள்.

அம்மா, நான் செய்யச் சொல்வது இது. சேவைக்குப் போகும் முன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து இடத்தை உறுதி செய்துகொள்ளட்டும். தேசிய சேவைக்காக அந்த இடத்தை வைத்திருப்பார்கள். அதற்கு மேல் ஒரு வருடம் தள்ள முடியுமா என்று பல்கலைக்கழக அலுவலகத்திலேயே கேளுங்கள். முடிந்தால் அந்த ஒரு வருடம் அவனுடையது. அதற்கு முன்னால், இந்த இரண்டு வருட விடுமுறைகளில் மலேசியா, தாய்லாந்து அமெச்சூர் ரேஸ்களில் ஓட்டட்டும், நூறு பேர் கூட்டத்தில் மூச்சுவிடப் பழகட்டும். அணி ஒப்பந்தம் கொடுத்தால் சம்பள வரியையும் காப்புறுதி வரியையும் நீங்கள் படியுங்கள், அவன் படிக்கமாட்டான்.

கிராஞ்சி_காற்று:
ஒரு வருடத்தில் ஒன்றும் ஆகாது, மூன்று வேண்டும். ரோக்லிச்சுக்கே மூன்று ஆனது. ஆனாலும் ரேஸ் விஷயத்தில் சேர்ந்துகொள்கிறேன். அக்கா, வரும் ஞாயிறு நாங்கள் ஜோகூரில் இருக்கும் குனோங் பூலாய் மலைக்குப் போகிறோம், 654 மீட்டர். தம்பியை அனுப்புங்கள். உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் மோட்டார்சைக்கிள் வரிசையில்தான் கடக்க வேண்டும், பாஸ்போர்ட் மறக்கவேண்டாம்.

பஸ்கேப்டன்_ஈசூன்:
எத்தனை பேர்?

கிராஞ்சி_காற்று:
பதினான்கு பேர் அண்ணே. மூன்று குழுவாக, நடுவில் முப்பது மீட்டர் விட்டு. போதுமா?

பஸ்கேப்டன்_ஈசூன்:
பார்க்கிறேன். அன்றைக்கு எனக்கு வேலை.

பொங்கோல்_அம்மா:
நன்றி. எல்லாவற்றையும் அவன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த ரோக்லிச் முதலில் என்ன படித்தான்?" என்று கேட்கிறார். மகனுக்குப் பதில் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறான். யாருக்காவது தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.